ஐம்பது டிகிரி

‘புதுசு’ என்று எல்லாரும் கூப்பிடும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். சோதனைக்கூடத்தில் கலவைக்காரரும், மூடியைச் சாத்திக்கொண்டு ஓடும் சக்கர இயந்திரமும் மட்டும்தான்.

பன்னிரண்டு வருஷமாகச் சாலைகளுக்குத் தாரும் ஜல்லியும் எந்த அளவில் சேர வேண்டும் என்று சொல்லிவருபவர் அவர். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். தாரை இறுக்கினால் குளிரில் சாலை வெடிக்கும். இளக்கினால் வெயிலில் சக்கரம் போன வழியெல்லாம் பள்ளம் விழும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வித்தை தனக்கு மட்டும்தான் வரும் என்று நிம்மதியாக இருந்தார்.

எட்டு மாசத்துக்கு முன்னால் இவள் வேலைக்கு வந்து சேர்ந்தாள். இன்னமும் எல்லாருக்கும் ‘புதுசு’தான். ஆனால் பேருந்து நிலையச் சாலைக்கு அவளும் ஒரு கலவை செய்துவிட்டாள்!

வெடிப்புச் சோதனையில் இரண்டு பேர் கலவையும் தேறிவிட்டன. மிச்சம் பள்ளச் சோதனை. கலவையைப் பலகையாக வார்த்து, ஐம்பது டிகிரி சூட்டில் அதன்மேல் சக்கரத்தைப் பத்தாயிரம் தடவை ஓட்டுவார்கள். எதில் பள்ளம் குறைவோ அதுதான் சாலைக்குப் போகும்.

நேற்று தலைமைப் பொறியாளர் எல்லார் முன்னாலும், “பொண்ணு பின்னி எடுக்குது!” என்றார். பன்னிரண்டு வருஷத்தில் கலவைக்காரருக்கு ஒரு ‘பரவாயில்லை’கூடக் கிடைத்ததில்லை. வீட்டுக்குப் போயும் வயிறு எரிந்தது. அஜீரணம் என்று நினைத்து மனைவி மாத்திரை கொடுத்தாள். அந்த எரிச்சலுக்கு மாத்திரை ஏது?

‘இன்று: புதுசு. நாளை: கலவைக்காரர்’ என்றது சுவர் அட்டவணை.

கை தானாகச் சூட்டுத் திருகுக்குப் போனது. ஐம்பது அறுபதானது.

‘கோடையில் ரோடு அறுபதுக்குக்கூடப் போகுமே. நல்ல கலவைன்னா தாங்கட்டும்’ என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டார். ஓட்டம் முடிகிற நேரத்தில் பழையபடி குறைத்துவிடலாம் என்று இருந்தார். ஆனால் அதற்கு முன்னாலேயே பொறியாளரும் புதுசும் வந்து, பள்ளத்தின் ஆழம் காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டார்கள்.

“பதினாலு மில்லிமீட்டர் பள்ளமா? ஆறைத் தாண்டினாலே ஆகாதே!” என்றார் பொறியாளர்.

கலவைக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். “சின்னப் பொண்ணு சார். போகப் போகக் கத்துக்கும்.”

“அண்ணா...” புதுசு தயங்கினாள். “அது உங்க பலகை.”

“என்னது?”

“நாளைக்கு வீடு மாத்தறேன், எப்படி வேலைக்கு வர்றதுன்னே தெரியலன்னு புலம்பினீங்களே. அதான் என் முறையை உங்களுக்கு விட்டுட்டேன். அட்டவணையை மாத்த மறந்துட்டேன்.”

மூடியைத் திறந்தார்கள். பலகையின் ஓரத்தில், சாக்பீஸில், அவருடைய கையெழுத்தேதான்.

“பன்னிரண்டு வருஷ அனுபவம் இவ்வளவுதானா?” பொறியாளர் உதட்டைப் பிதுக்கினார். “பொண்ணோட கலவையையே எடுத்துக்கலாம்.”

கலவைக்காரர் ஓரக்கண்ணால் சூட்டு அளவைப் பார்த்தார். ‘சூடு அறுபது’ என்று சொன்னால் போதும், அவர் கலவை பிழைத்துவிடும். அதை மட்டும் அவரால் சொல்ல முடியாது.

புதுசு குனிந்து சூட்டு அளவைப் பார்த்தாள். நிமிர்ந்து அவரை ஒரு தரம் பார்த்தாள்.

“சார், அறுபதுல ஓடியிருக்கு. காலைல சூடு வெச்சது நான்தான், தப்பா வெச்சிட்டேன். அண்ணா கலவையை மறுபடியும் சோதிக்கணும்.”

“ரெண்டு வார்த்தை பாராட்டினா போதும், தலைக்கு மேல ஏறிடுது!” சிடுசிடுத்துக்கொண்டே பொறியாளர் வெளியே போனார்.

கலவைக்காரர் வாயைத் திறப்பதற்குள், இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய தாளைப் புதுசு கழற்றினாள். நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“இது இங்க தொங்க வேண்டாம்ணா. வீட்டுக் குப்பையோட குப்பையா போட்டுடுங்க.”

அவள் போன பிறகு பிரித்துப் பார்த்தார். அவள் கையெழுத்தில் இரண்டே வரி:

‘காலை ஒன்பது மணி: ஐம்பது டிகிரி. சாப்பிடக் கிளம்பும்போது: ஐம்பது டிகிரி.’