நீலக் கோடு

அதிகாரி என் கணவர் செலஸ்டினை எங்கள் வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, அவர் கழுத்துக்கு நேராக நீலச் சாயத்தால் ஒரு கோடு இழுத்தார். பூமி சூடாகிறது, கடல் இதுவரைக்கும் ஏறும், குப்பம் முழுவதும் காலி செய்ய வேண்டும் என்றார். செலஸ்டின் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்களுக்கும் அலைக்கும் நடுவே ஓர் ஓட்டல் எழும்பிக்கொண்டிருந்தது.

“அப்ப அது என்ன சார், கப்பலா?”

“அவங்க அனுமதி வாங்கியிருக்காங்க.”

“யார்கிட்ட, கடல்கிட்டயா?”

குப்பமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மறுவாரம் புல்டோசர் வந்தது.

கடலின் சத்தம்கூட எட்டாத இடத்தில், மூன்றாம் மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கே செலஸ்டின் யாரிடமும் வம்பு பேசவில்லை. அடுத்த மழைக்கு முன்பே போய்விட்டார்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் கரைக்குப் போனேன். எங்கள் வீட்டில் அந்தச் சுவரை மட்டும் இடிக்காமல் ஓட்டலின் தோட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ‘பூமியைக் காப்போம்’ என்று ஒரு பலகை. ஒரு பெண் கோட்டுக்குக் கீழே நின்று மூழ்குவதுபோல் கைகளை உதற, அவள் கணவன் படம் எடுத்தான்.

அவர்கள் நகர்ந்ததும் நான் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். செலஸ்டினின் கழுத்துக்கு இழுத்த கோடு எனக்கு வாய்க்கு நேராக வந்தது. காவலாளி ஓடிவந்தான்.

“யாரும்மா நீ? உள்ள எப்படி வந்தே? வெளிய வா.”

“தண்ணி ஏறட்டும், வரேன்” என்றேன்.