முழு விலை

“இந்த கேம் ஒரிஜினல் இருக்குங்களா? முழு விலை குடுத்தே வாங்கிக்கிறேன்.”

ஞானமுத்துவின் கை கல்லாவிலேயே நின்றுவிட்டது. மலை மேல் ஏழு ரோட்டில் சி.டி. கடை போட்ட நாளிலிருந்து இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

திண்டுக்கல்லில் இதே தொழில் செய்த சேனாதிபதியின் கடையில் ஒருவர் இப்படிக் கேட்டாராம். மறுநாள் திருட்டு சி.டி. கேஸ் என்று போலீஸ் வேனில் கம்ப்யூட்டர்களோடு சேனாதிபதியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய முடி, கறுப்பு ஷூ, கையில் ஒரு ஃபைல். கண்ணாடி அலமாரியில், ஜீப் படம் போட்ட பெட்டியைக் காட்டினார். மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் கம்ப்யூட்டர் கேம்.

மதுரையில் வாங்கிய அந்த ஒரே ஒரிஜினலிலிருந்துதான் ஞானமுத்துவின் மனைவி லீலா காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சீசன் தொடங்கியதிலிருந்து போட்டு மாளவில்லை. பள்ளிக்கூட விடுதிகளில் அந்த ஜீப்தான் ஓடியது. வட்டக்கானல் காட்டேஜ்களிலும் அதுதான்.

“ஏங்க, அடுப்புல பால் கெடக்கு, பாத்துட்டு வந்துர்றேன்.” காப்பிகள் இருந்த அட்டைப்பெட்டியை முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டு லீலா பின்பக்கம் போனாள். பின்பக்கத்தில் அடுப்பே கிடையாது.

“நம்ம கடையில எல்லாமே ஒரிஜினல்தான் சார்” என்று ஞானமுத்து பெட்டியை எடுத்து வைத்தான்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே மஞ்சு மூட்டம் இறங்கி எதிர்க்கடையை மறைத்துக்கொண்டிருந்தது.

“ஐநூத்தித் தொண்ணூத்தொம்பது. இதுக்கு இவ்வளவு குடுக்கலாமாங்க? நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

வாயைப் பிடுங்குகிறார் என்று ஞானமுத்துவுக்குப் பட்டது.

“தண்டம் சார். அந்தக் காசுக்கு ரெண்டு ஸ்வெட்டர் எடுக்கலாம்.”

“அப்ப யாரும் வாங்கலையா?”

“ஒருத்தரும் சீண்டலைங்க. தூசி தட்டித் தட்டித்தான் வைக்கிறேன்.”

“காப்பியாச்சும் போகுமில்ல?”

“காப்பியா? அந்தச் சோலியே நமக்கு ஆகாது சார்.”

“நான் ஒண்ணும் பண்ண மாட்டேங்க. உண்மையச் சொல்லுங்க.” அவர் மேசை மேல் குனிந்தார். கண் இமைக்கவில்லை. “ஒரு அம்பது பேரு வாங்கியிருப்பாங்களா? இல்ல, பத்துப் பேராச்சும்?”

அந்தக் குளிரிலும் ஞானமுத்துவின் சட்டை முதுகில் ஒட்டியது. உள்ளேயிருந்து லீலா குரல் கொடுத்தாள்: “வெரசா அனுப்பி விடுங்க, கடையச் சாத்தணும்ல!”

“சலேத் மாதா மேல சத்தியமா சார்! இந்த மலையில ஒரு ஆளு இத வெளையாடல. ஓசியில குடுத்தாக்கூட வேணாங்கிறாங்க.”

வந்தவர் நிமிர்ந்தார். பெட்டியை மறுபடியும் புரட்டினார். இதற்குப் பதில் நாலு அறை அறைந்துவிட்டிருக்கலாம் என்று ஞானமுத்துவுக்குத் தோன்றியது.

“காசெல்லாம் எதுக்கு சார், சும்மா எடுத்துட்டுப் போங்க. நம்ம அன்பளிப்பா இருக்கட்டும்.”

“இல்லீங்க. ஒண்ணாச்சும் முழு விலைக்குப் போகட்டும்.” அவர் பணத்தை எண்ணி வைத்தார்.

“பில் போடவா சார்?” ஞானமுத்து பில் புத்தகத்தைத் தொடாமலே கேட்டான்.

“வேணாங்க.”

பில் வேண்டாம் என்றால் கேஸ் இல்லை. கதவிடுக்கில் லீலா மூச்சு விட்டது ஞானமுத்துவுக்குக் கேட்டது. அவனுக்குச் சிரிப்புகூட வந்துவிடும் போலிருந்தது.

வாசலில் அவர் நின்று, பெட்டியின் அட்டையில் இருந்த மலையைக் கட்டைவிரலால் தடவினார்.

“கம்பெனிய மூடுறப்பவும் இதத்தாங்க சொன்னாங்க, யாருமே வெளையாடலைன்னு. இதுல வர்ற மலை, காடு, வளைவு பூராத்தையும் ரெண்டு வருசமா உக்காந்து வரைஞ்சவன் நாந்தான். சொந்த ஊரு இந்த மலைக்குக் கீழ, பாலசமுத்திரம். நம்ம மலையிலயாச்சும் யாராவது ஒருத்தர் ஓட்டிப் பாத்திருப்பாங்கன்னு நெனைச்சுத்தான் ஏறி வந்தேன்.”