கெட்டிலுக்குள் ஒரு கல்

எங்காவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்துகொண்டேதான் கழுதையக்கா இந்தக் கதையை ஆரம்பிப்பாள்.

ஊரார் மூட்டையைச் சுமந்தே பாதி ஆயுளைக் கழித்தவள், தோழி வெள்ளாட்டோடு மலையேறி இரண்டு நாள் தங்கிவரப் புறப்பட்டாள். இந்த ஒரு தடவையாவது முதுகு லேசாக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

மலையில் டீ போடக் கடையில் கெட்டில் தேடினாள். எவர்சில்வர் கெட்டிலைத் தூக்கிப் பார்த்து, கனம் என்று வைத்துவிட்டாள். அலுமினியமும் கனமாம்.

"நெல்லு மூட்டை தூக்கினவ, கெட்டிலுக்கா இந்தப் பாடு படுறே?" என்று வெள்ளாடு சிரித்தாள்.

அப்போது மூலையிலிருந்து ஒரு மெல்லிய கெட்டில் கூப்பிட்டது. "என்னை எடுங்கக்கா. முதுகுல இருக்கிறதே தெரியாது."

உண்மைதான், தெரியவே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. எங்கோ விழுந்துவிட்டதோ என்று பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூட்டையை அவிழ்த்தாள்.

"இருக்கேன்க்கா, இங்கதான் இருக்கேன்," என்று சொல்லிச் சொல்லிக் கெட்டிலுக்கே அலுத்துப்போயிற்று.

"இன்னொரு தரம் நின்னா உன்னை விட்டுட்டு நான் போயிடுவேன்," என்றாள் வெள்ளாடு. பொழுது சாய்வதற்குள் உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும்.

கழுதையக்கா ஓடையோரம் தேடி, நல்ல கருங்கல் ஒன்றை எடுத்துக் கெட்டிலுக்குள் போட்டு மூடினாள்.

"அக்கா, இப்ப நான் எவர்சில்வரைவிடக் கனம்," என்று முனகியது கெட்டில்.

"இருந்துட்டுப் போ. நீ இருக்கிறது இப்பத்தான் தெரியுது."

அதன்பிறகு உச்சிவரை அவள் எங்கும் நிற்கவில்லை. இறங்கும்போதும் அந்தக் கல்லை மறக்காமல் எடுத்துவந்தாள்.