இறகு மூட்டை

"பயந்தாங்கொள்ளிகளுக்கு, அன்புடன்" என்று மூட்டையில் எழுதியது நான்தான். உள்ளே கோழி இறகு. பயந்து ஓடுகிறவனுக்கு எங்கள் ஊரில் அதைத்தான் அனுப்புவோம்.

விண்டல் கல்லூரி ஓடித்தான் போனது. எங்கள் கல்லூரியோடு நான்கு வருடத்துக்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தம். சனிக்கிழமை அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம், ஹெல்மெட் போட்டு மோதி விளையாடுவது. செவ்வாய்க்கிழமை அவர்களுடைய கோச் ஹால்வர்சன் ஒரு வரி அனுப்பினார்: "ஆள் போதவில்லை. வரமாட்டோம்."

சீசனின் கடைசி ஆட்டம் அது. என் அண்ணன் டிரென்ட்டுக்கு வாழ்க்கையிலேயே கடைசி ஆட்டம். அன்றைக்குக் கடைசி வருடப் பையன்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வருவார்கள். அதற்காகவே அம்மா ஒரு குளிர் ஜாக்கெட்டில் அவன் நம்பரை, 64, தைத்து வைத்திருந்தாள்.

"ஆள் போதலையாம்! தைரியம் போதலைன்னு சொல்லச் சொல்லு" என்று டிரென்ட் கத்தினான். கத்திவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தத் தலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் முன்னால் ஒரு மோதலில் ஹெல்மெட்டோடு சாய்ந்தான். டாக்டர் ஞாபகப் பரிசோதனை வைத்தார். பாஸ்.

எப்படி ஆகாமல் இருக்கும்? பின்னால் தலையில் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கோடையிலேயே எல்லோருக்கும் ஒரு பரிசோதனை வைப்பார்கள். அதில் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பதில் சொல்லி வைத்திருந்தான். டீமில் பாதிப் பேர் அப்படித்தான்.

"யாராவது வெளியில சொல்லி என்னை ஆடவிடாம உட்கார வச்சீங்கன்னா, சாகுற வரைக்கும் அவங்க மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்று அம்மாவிடமும் என்னிடமும் சொல்லியிருந்தான்.

சொன்னால் செய்வான். அப்பாவோடு அவன் பேசி ஆறு வருடம் ஆகிறது.

நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் பாசம் என்று நினைத்தேன்.

நான் வேலை பார்க்கும் தீவனக் கடையில் மூட்டையை வைத்தேன். ஊரே வந்து கையெழுத்துப் போட்டது. முதல் கையெழுத்து அம்மாவுடையது. மார்க்கரை என் கையிலிருந்து பிடுங்கி, இவ்வளவு பெரிதாகப் போட்டாள்.

டிரென்ட் விசிலடித்தான். "அம்மான்னா இவங்கதான்!"

வியாழக்கிழமை நானே வேனில் போட்டுக்கொண்டு நாற்பது மைல் ஓட்டினேன். அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று ஆசை.

ஹால்வர்சன் அறையில் அலமாரியெல்லாம் காலி. அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்லேர்ந்து" என்று மூட்டையை மேஜைமேல் போட்டேன்.

படித்தார். "எழுத்து அழகா இருக்கே. யாரோடது?"

"என்னோடது. என்ன, இங்கேர்ந்தும் ஓடறீங்களா?"

"இல்லம்மா. துரத்திட்டாங்க. எங்க பசங்களுக்கும் அதுதானே கடைசி ஆட்டம்? அவங்களும் என்கூடப் பேசறதில்ல."

எனக்குப் பாவமாக இல்லை. சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தது.

"உன் பேரு?"

"ஜோலீன் வான்டர்ஸீ."

டேப் ஒட்டுவது நின்றது. "அறுபத்துநாலோட தங்கச்சியா?"

"ஆமா. சனிக்கிழமை வந்திருந்தா உங்க பசங்களை நசுக்கியிருப்பான்."

"நசுக்கியிருப்பான்" என்று ஒத்துக்கொண்டார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தணித்துக் கேட்டார்:

"நாயை இன்னும் செத்துப்போன நாயோட பேரைச் சொல்லித்தான் கூப்பிடறானா?"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் நடந்தது அது. எங்கள் நாய் மூஸை மூன்று தடவை "டஃபி, வாடா" என்றான். டஃபி செத்து ஐந்து வருடம். அப்போது அங்கே இருந்தது அவன், அம்மா, நான். வேறு யாரும் இல்லை.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"அம்மா உன்கிட்ட சொல்லலையா?" என்றவர், சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்ல உங்க கோச்கிட்டதான் போயிருக்காங்க. பரிசோதனைத் தாளைக் காட்டி, பாஸ்னு திருப்பி அனுப்பிட்டாராம். அப்புறம்தான் எனக்கு போன். உங்கண்ணன் லைன்ல நடுவுல நிக்கறவன். ஒவ்வொரு தடவையும் என் பசங்க அவன்மேலதான் மோதணும். மெதுவா மோதுங்கடான்னு நான் சொல்ல முடியுமா?"

"காரணத்தைச் சொல்லியிருக்கலாமே கோச்? வேலையாவது மிஞ்சியிருக்கும்."

"சொன்னா, யார் சொன்னாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அம்மா மூஞ்சில முழிப்பானா?"

மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று கை நீட்டினேன். அவர் விடவில்லை. கையெழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், முதல் பெயரில் நிறுத்தினார்.

"நல்லாப் பெரிசாப் போட்டிருக்காங்க" என்றார். "போன்ல மாட்டவே மாட்டேன்னு அழுதாங்க. ஊர் என்னைத் திட்டும்போது முதல் ஆளா நீங்க திட்டணும்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."