ஒழுங்கான பிள்ளைகள்

"கதிரையளை நிரைக்குப் போடட்டே அக்கா? அவா வந்திட்டா பிறகு ஏலாது."

உதவி ஆசிரியை ராஜினி திரும்பவும் கேட்டாள்.

"வேண்டாம். பிள்ளையள் தங்கட பாட்டில இருக்கட்டும்," என்றாள் கௌசலா.

செட்டிகுளத்தில் அவள் நடத்தும் முன்பள்ளியில் மணல் தட்டு இருந்தது. தண்ணீர் வாளி, சிரட்டைகள், ஒரு சுளகு நிறையப் பயறும் உளுந்தும் இருந்தன. காலையில் பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் அன்றைய பாடம். கௌசலா ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். 'ரீச்சர் சும்மா இருக்கிறா, பிள்ளையள் மண் அளையுதுகள்' என்று முறைப்பாடு போய்விட்டது. அவளை வைத்திருப்பதா, மாற்றுவதா என்று முடிவெடுக்க இன்று அதிகாரி சிவலட்சுமி வருகிறார்.

வாசல் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது; பெற்றோல் தட்டுப்பாட்டில் அதிகாரிகளும் சைக்கிளில்தான் வந்தார்கள். கௌசலா ஓடினாள்.

"ஆனா ஆவன்னா பழக்கேல்லையாம். ஒரு இடத்தில இருத்தவும் இல்லையாம்," சிவலட்சுமி வியர்வையைச் சேலைத் தலைப்பால் ஒற்றினார். "நாளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் போய் இதுகள் என்ன செய்யுங்கள்? மேசைக்கு மேல ஏறி நிண்டு கூத்தாடுங்களே?"

"விளையாட்டிலதான் மிஸ் அதுகள் படிக்குதுகள். கண்டதையெல்லாம் விளையாடிப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுதுகள்."

"எனக்கும் இந்தப் பயிற்சியெல்லாம் தந்தவை, தங்கச்சி. பேப்பரில வடிவாத்தான் இருக்கும்."

உள்ளே நுழைந்த சிவலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

சுவரோரம் கிடந்த சின்னக் கதிரைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்தாற்போல் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. பேச்சு இல்லை. மணலை ஒருவரும் தொடவில்லை.

கௌசலா ராஜினியை முறைத்தாள்.

"நானில்லை அக்கா," ராஜினி கிசுகிசுத்தாள். "நான் குசினிக்கை கஞ்சி காய்ச்சிக்கொண்டெல்லோ நிண்டனான்."

பிந்தி வந்த சிறுவன் யஹ்யா தன் கதிரையை இழுத்துக்கொண்டுவந்து நடுவில் செருகப் பார்த்தான். பிரஷாந்தினி கையை நீட்டி மறித்தாள்.

"அண்ணை, இடையில வரவேண்டாம். பின்னுக்குப் போங்கோ."

சிவலட்சுமி சிரித்துவிட்டார். "வாய்க்காரி! நியாயமும் எல்லோ பழக்கி வைச்சிருக்கிறீர்." நிரையின் முன்னால் இருந்த ஸம்ஹாவிடம் குனிந்தார். "மகள், இப்பிடி அசையாமல் இருக்க ஆர் பழக்கினது?"

"வாப்பா."

"கெட்டிக்கார வாப்பா!"

கௌசலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் இந்த அறை இரைந்துகொண்டே இருக்கும். இரைச்சலுக்கு அவள் ஒருநாளும் பயந்ததில்லை. இந்த அமைதி பயமாக இருந்தது. பிள்ளைகள் நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்த முகங்களில் இருந்த பொறுமை அந்த வயதுக்கு உரியதல்ல.

"மிஸ்... நான் இருத்தேல்லை. அவையளாத்தான் இருந்தவை."

"சும்மா இரும். தாங்களா இப்பிடி இருக்குங்களே? என்ர உத்தியோகத்தில நான் காணேல்லை." சிவலட்சுமி கைப்பையைத் தோளில் மாட்டினார். "உம்மைப் பற்றிச் சொன்னதெல்லாம் வீண்கதை. நீரே இஞ்ச இரும். ஆனா ஒண்டு, ஒவ்வொரு நாளும் பிள்ளையள் இப்பிடியே இருக்கவேணும். என்ன?"

ஓம் என்றால் வேலை தங்கும். ஓம் என்றால் நாளையிலிருந்து மணல் தட்டுக்கு வேலை இல்லை. கௌசலா மணல் தட்டைப் பார்த்தாள். சிவலட்சுமி பார்த்துக்கொண்டே நின்றார். அறையில் ஒரு பிள்ளைகூட இருமவில்லை.

அப்போது ஸம்ஹா எழும்பினாள். இடுப்பில் கையை வைத்து, நிரையைப் பார்த்துத் திரும்பி, பெரிய ஆளைப்போல் கத்தினாள்:

"பெற்றோல் முடிஞ்சு போச்சாம்! பெற்றோல் கொண்டுவாற பவுசர் இனி நாளைக்குத்தானாம்! விட்டிட்டுப் போனா இடம் போயிடும், எல்லாரும் இஞ்சயே படுங்கோ!"

ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், பிள்ளைகள் அத்தனை பேரும் கதிரைகளில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்கள்.