ஸ்பொயிலர் பூட்டியவர்கள் சங்கம்

"ஸ்பொயிலர் பூட்டின கார் வேறை, பூட்டாத கார் வேறை. ரெண்டுக்கும் ஒரே சங்கமோ?" என்று மேசையில் தட்டினார் ஜெயரூபன்.

மருதனார்மடத்தில் ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர் சங்கக் கூட்டம். என்னிடம் கார் இல்லை. அதனால் பக்கம் சாயமாட்டேன் என்று என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள்.

தலைவர் லக்ஷன் விடவில்லை. "அண்ணை, ஒரே கொம்பனி, ஒரே எஞ்சின். பின்னாலை ஒரு தகட்டைப் பூட்டினால் சாதி மாறிடுமோ?"

"இருபது குதிரைவலு கூட!"

"எங்கடை றோட்டிலை அந்த இருபது குதிரையையும் எங்கை மேய்ப்பியள்?"

"நக்கல் வேண்டாம். பிரிப்பம். இனி எங்களுக்குள்ளை பொதுவா ஒண்டும் இருக்கக்கூடாது."

"ஓம், எல்லாத்தையும் சரிபாதியாப் பிரிப்பம்!"

சங்கம் இரண்டானது என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். வரும் ஞாயிறு இரண்டு சங்கத்துக்கும் தொடக்க விழா. ஆளுக்கொரு பதாகை, ஆளுக்கொரு மாலை, ஆளுக்கொரு கார் ஊர்வலம்.

ஞாயிறு காலை இரு தலைவர்களும் ஒரே மினிபஸ்சில் வந்து இறங்கினார்கள்.

"கார் எங்கை?" என்று கேட்டேன்.

"வீட்டிலை நிக்குது," என்றார்கள் இருவரும், நிலத்தைப் பார்த்தபடி.

போய்ப் பார்த்தேன். தலைவர்கள் இருவரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி; ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். றோட்டுக்கு வர இருவருக்கும் ஒரே ஒழுங்கைதான், அகலம் பத்தடி. அதன் நடுவே புதுத் தகரவேலி, ஆளுக்கு ஐந்தடி. கார்களை வெளியே எடுத்துவிட்டு வேலியடைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

உள்ளே இரண்டு கார்களும் பளபளவென்று நின்றன. ஸ்பொயிலர் உள்ளதும் இல்லாததும் இப்போது ஒரே வேகம்.