முதலாமிடத்துப் பாட்டு

தயாபரனுக்கு ரசனை கெட்டுவிட்டது என்று கிருபன் முடிவே கட்டிவிட்டான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து இருவருக்கும் ஒரே பைத்தியம், ஒரு பழைய ஆங்கில ரொக் இசைக்குழு. சந்தித்தால் போதும், எந்தப் பாட்டு முதலாவது, எது இரண்டாவது என்று சண்டை தொடங்கிவிடும். அவர்களின் ஊரான துணுக்காயில் வேறு யாரும் அந்தக் குழுவைக் கேள்விப்பட்டதே இல்லை. அதனால் தீர்ப்புச் சொல்லவும் ஆளில்லை.

இன்றைக்குத் தயாபரன் வீட்டிலும் அதே சண்டைதான். இருவருக்கும் உயிரான கிற்றார் பாட்டைத் தயாபரன் கீழே தள்ளிவிட்டு, இருப்பதிலேயே மோசமான ஒன்றை மேலே ஏற்றியிருந்தான்.

"அரைவாசி வெறும் ட்ரம் அடி. அதுக்கு முதலாமிடமோ மச்சான்?"

தயாபரன் அந்தப் பாட்டையே போட்டு, ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பி, சத்தத்தையும் கூட்டினான்.

கிருபனுக்குக் கோபம் வந்தது. பக்கத்து வீட்டுச் சிற்றம்பலத்தின் மகன் போரின் கடைசிச் சண்டையில் காணாமற் போனவன். இன்று அவனுடைய பிறந்தநாள் என்று சற்று முன்னர் தயாபரனே சொல்லியிருந்தான்.

"உனக்குக் கொஞ்சமும் இரக்கமில்லையோ? குறையடா."

தயாபரன் அவனை வேலியடிக்கு இழுத்துப் போனான்.

அங்கே அடுப்புப் புகையும் குசினி வாசலில் சிற்றம்பலத்தின் மனைவி விமலேஸ்வரி நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருந்தார். ட்ரம் சத்தத்தில் அவருடைய குரல் கொஞ்சமும் கேட்கவில்லை.

"சிற்றம்பலம் ஐயா வீட்டில அழ விடுறேல்லை," என்றான் தயாபரன். "அழுதா, பெடியன் செத்திட்டான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரியாம். மாலை போட்ட படமும் இல்லை, திதியும் இல்லை. மற்றப் பாட்டுகள் அவா அழுறதுக்குப் போதாது மச்சான். இதுதான் நீளம்."

கிருபனுக்கு அந்தப் பாட்டைக் கிண்டலடித்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

பாட்டு முடிந்தது. அதே நேரம் தயாபரன் வீட்டு வாசற் படலை திறந்தது. சிற்றம்பலம்.

மனிசன் கண்டுபிடித்துவிட்டார் என்று இருவரும் வேலியை விட்டு விலகினார்கள்.

"இனிப் போடமாட்டன் ஐயா," என்றான் தயாபரன்.

சிற்றம்பலம் தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நிப்பாட்டாதை தம்பி. அவள் இன்னும் அழுது முடியேல்லை. அந்த நீளப் பாட்டை இன்னொருக்காப் போடு."